ஓடாத லிஃப்ட்டுக்கு விழும் ஓட்டு

நியூஜெர்சியில் எந்தக் கல்யாண விருந்துக்குப் போனாலும், சாம்பார் வருவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டுவிடுவார்: "சார் எந்த கம்பெனி?"

"டவுன் ஹால்ல லிஃப்ட் இன்ஸ்பெக்டர்" என்பேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "அதனால என்ன சார், பையன் என்ன பண்றான்?" என்பார்.

கால் நூற்றாண்டு மேலும் கீழும் போய் வந்து, பதவியில் மட்டும் எங்கும் ஏறாமல் ஓய்வு பெற்ற எனக்குப் போன மாதம் நீங்கள் விருந்து வைத்தீர்கள். இலாகாவில் புதிதாகச் சேர்ந்தவர்களில் இத்தனை பேர் நம் பிள்ளைகள் என்று பார்த்தபோது மனசு நிறைந்தது. "அங்கிள், உங்க எக்ஸ்பீரியன்ஸ் ஏதாவது ஷேர் பண்ணுங்க" என்றீர்கள். வாயில் பிரியாணி இருந்ததால் தப்பித்தேன். இப்போது வாய் காலி.

கம்பி, பிரேக், மோட்டாரைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை டிரெயினிங்கில் சொல்லித் தருவார்கள், நீங்களும் தூங்காமல் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே சொல்லித் தராதது ஒன்று உண்டு. நீங்கள் செய்தது சரி என்று உங்களுக்குத் தெரியும். அது தப்பு என்று ஊரில் மற்ற எல்லாருக்கும் தெரியும். அந்த நாளில் என்ன செய்வது?

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சோதிக்கப் போன லிஃப்ட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். கதவிடுக்கு வழியாக ஒரு பாட்டியம்மாள், "உள்ளே இருப்பது இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டார். "இல்லை, விருந்தாளி" என்றேன். வீரம் என்பது எனக்குப் பிறவியிலேயே இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் எட்டு மாடிக் கட்டடம். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் வயதான கறுப்பர்கள். முழுக் கட்டடத்துக்கும் ஒரே லிஃப்ட். சொந்தக்காரர் நம்மவர், கவுன்சிலர் ரகுவின் மச்சான்.

ரகுவை உங்களில் பலருக்குத் தெரியும். நம் ஊரின் முதல் தமிழ் கவுன்சிலர். நமக்குக் கிரிக்கெட் மைதானம் வாங்கித் தந்தவர். பொங்கலன்று டவுன் ஹாலில் 'வணக்கம்' என்று வெள்ளைக்காரர்களைச் சொல்ல வைத்தவர். அவர் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்துக் கொடுத்த காண்ட்ராக்டருக்கே டவுனின் சாலை வேலை முழுவதும் போனது என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. நம் சங்கத்தில் எல்லாரும், "வளர்றவனைப் பார்த்துப் பொறாமைல எழுதுறாங்க" என்றார்கள். அந்தச் சமையலறையில் நானும் தோசை சாப்பிட்டிருக்கிறேன். கிரானைட் நல்ல கிரானைட்.

மேயர் கறுப்பர். முந்தைய பதவிக்காலத்தில் ஒரு பில்டரிடம் சலுகை வாங்கினார் என்று கைவிலங்கோடு டிவியில் வந்தவர். ஜூரி ஒரு முடிவுக்கும் வரவில்லை. வழக்கு நமத்துப் போனது. அவர் மறுபடி நின்றார், மறுபடி ஜெயித்தார். அந்த வாரம், ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவரும் நம் பாட்லக் விருந்தில் ஒருவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கைவிலங்கு மாட்டினவனுக்கே திரும்பவும் ஓட்டுப் போடுறாங்களே, இவங்களை எல்லாம் என்ன சார் பண்றது?" என்றார். அந்த 'இவங்களை'யில் இருந்த அழுத்தத்தில் தயிர்சாதமே புளித்திருக்க வேண்டும். ரகுவும் அதே மேயரும் ஓட்டுச் சீட்டில் ஒரே அணி, ஒரே வரிசை. அது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். நானும் சிரித்துவிட்டு ஊறுகாய் எடுக்கப் போனேன்.

தேர்தலுக்குச் சில வாரங்கள் இருந்தபோது அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டைச் சோதித்தேன். பிரேக் நம்பும்படியாக இல்லை. ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் யோசித்து நிற்கும். பயன்படுத்தக் கூடாது என்று சிவப்பு டேக் ஒட்டினேன். மாடி மாடியாக ஒட்டிக்கொண்டே ஆறாவது மாடிக்கு வந்தபோது ஒரு சக்கர நாற்காலி என் குதிகாலை இடித்து நின்றது.

மிஸ் லொரெய்ன். தபால் இலாகாவில் வீடு வீடாக நடந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் பேசியது சுத்தமான அமெரிக்க ஆங்கிலம். ஆனால் என் காதில் அது எப்போதும் எங்கள் மதுரைத் தமிழாகவேதான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"நாளைக்கு எனக்கு டயாலிசிஸ். எப்புடிய்யா எறங்குறது?"

"ரிப்பேர் பண்ணச் சொல்லி ஓனருக்கு உத்தரவு போயாச்சு மேடம்."

"உத்தரவு மேல உக்காந்து எறங்கவா?"

டேக்கின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒட்டினேன். பதில் தெரியாத அரசு ஊழியன் பசையைத்தான் அழுத்துவான்.

மறுநாள் காலை மேயர் வந்தார். நான்கு தீயணைப்பு வீரர்கள் மிஸ் லொரெய்னை நாற்காலியோடு தூக்கிப் படியிறங்கினார்கள். ஆறிலிருந்து ஒன்றாவது மாடி வரை அவர்கள் தூக்கினார்கள். அங்கிருந்து வாசல் வரை மேயரும் ஒரு கை கொடுத்தார். கேமரா வாசலில் இருந்தது.

ஊரே கைதட்டியது. லிஃப்ட்டை மூடிய பாவி நான். படியில் சுமந்த புண்ணியவான் அவர்.

அடுத்த அடி தபாலில் வந்தது. ரகுவின் பிரசாரத் துண்டறிக்கை. பளபளவென்று ஒரு படம்: போன பொங்கல் விழா மேடை, ரகு கைகூப்பிக் குனிந்து நிற்கிறார், அவர் தோளில் ஒருவர் சரிகைப் பொன்னாடை போர்த்துகிறார். கீழே, 'நகர ஊழியர்களின் நம்பிக்கை பெற்றவர்' என்று ஆங்கிலத்தில். போர்த்துபவர் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். அந்தப் பல் என்னுடையது.

நடந்தது இதுதான். விழாவில் பொன்னாடை போர்த்த வேண்டிய மருத்துவர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். மைக் பிடித்தவர் முன்வரிசையில் கண்ணில் பட்ட என்னை, "நம்ம லிஃப்ட் அங்கிள் வாங்க" என்று கூப்பிட்டார். ஒரு தமிழனைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டால் அவன் எதற்கு என்று கேட்க மாட்டான். ஓடினேன். பிள்ளைகளே, பொன்னாடையை நாம் ஒரு மரியாதை என்று நினைக்கிறோம். அரசாங்க வேலையில் இருப்பவன் போர்த்தினால் அது சிபாரிசு. இனிமேல் யாராவது உங்கள் கையில் சால்வையைத் திணித்தால் தோள்பட்டை வலி என்று சொல்லிவிடுங்கள்.

அந்த அறிக்கை ஆறாவது மாடிக்கும் போனது. மறுவாரம் நான் போனபோது, மூன்றாவது மாடித் திருப்பத்தில் தீயணைப்பு வீரர்கள் மூச்சு வாங்க நாற்காலியை இறக்கி வைத்திருந்தார்கள். மிஸ் லொரெய்ன் அறிக்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது நீதான?"

"நான்தான். ஆனா மேடம்..."

"ரயிலடிப் பக்கம் ஒவ்வொரு கட்டடமா உங்காளுகதான் வாங்குறாய்ங்க. லிஃப்ட்ட மூடிட்டா கெழடுகட்டைக தானா ஓடிரும். அப்புறம் கம்ப்யூட்டர் பயலுகளுக்கு வாடகைக்கு விடலாம். அதான திட்டம்?"

"சத்தியமா இல்ல மேடம். பிரேக் நிஜமாவே சரியில்ல."

"சால்வ போட்ட கையாலதான சீலும் வச்சே? எந்தக் கைய நான் நம்ப?"

பக்கத்தில் நின்ற குடித்தனக்காரர்கள் சிரித்தார்கள். வலித்தது. வலித்ததற்குக் காரணம், அவர் சொன்னதில் என்னைப் பற்றியது மட்டும்தான் தப்பு.

ரகு என்னை இந்திய மளிகைக் கடையில் பிடித்தார், முருங்கைக்காய்க்குப் பக்கத்தில்.

"அங்கிள், பாவம் அங்கிள் அந்த வயசானவங்க. ஒரு டெம்பரரி பாஸ் குடுத்துடுங்க. எலக்ஷன் முடியட்டும், மச்சான் புது லிஃப்ட்டே போட்டுடுவான்."

"பிரேக் பிடிக்கல ரகு."

"எட்டு பேர் ஏற வேணாம், ரெண்டு ரெண்டு பேரா ஏறச் சொல்லிடலாம். நாம அட்ஜஸ்ட் பண்ணலேன்னா எப்படி? நம்மாளை நாமே விட்டுக் குடுக்கலாமா?"

எனக்கு வீரம் கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். குறும்பு உண்டு.

"சரி ரகு. நீங்க, நான், உங்க மச்சான், மூணு பேரும் இப்பவே போய் எட்டாவது மாடி வரைக்கும் ஏறுவோம். கீழே வந்து சேர்ந்ததும் கையெழுத்துப் போடறேன்."

ரகு ஒரு முருங்கைக்காயை எடுத்து முறித்துப் பார்த்தார். "எனக்கு ஒரு கான்ஃபரன்ஸ் கால் இருக்கு அங்கிள்" என்றார். அப்படியே போய்விட்டார், முறித்த காயையும் அங்கேயே போட்டுவிட்டு.

ஆனால் வேடிக்கை அங்கேயே தீரவில்லை. எங்கள் மேலதிகாரி, "தேர்தல் வரைக்கும் டேக்கை எடுத்து வையேன்" என்றார். குடியிருந்தவர்கள் எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். வீட்டில் என் மனைவி, "ஏங்க, அந்தம்மாவைப் படியில தூக்கிட்டுப் போறாங்களே, தவறி விழுந்தா யாரு பொறுப்பு?" என்றாள். எல்லாரும் கேட்டதில் அவள் கேள்விதான் என்னைக் குடைந்தது. படியிலும் விழலாம்தானே?

கடைசியில் நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். படியின் ஆபத்து தூக்குகிற நான்கு பேருக்கும் கண்ணுக்குத் தெரியும், பார்த்துக் கால் வைப்பார்கள். லிஃப்ட்டின் ஆபத்து எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்ததை நானும் மறந்துவிட்டால், உலகத்தில் அது யாருக்கும் தெரியாது. டேக் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் டேக் ஒட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி என்னவென்று என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்தக்காரர் பழுது பார்க்காவிட்டால் டவுனே ஆள் வைத்துப் பார்த்துவிட்டுச் செலவை அவர் தலையில் கட்டலாம். அதற்கு மேயரின் ஒரு கையெழுத்து போதும். அதைக் கேட்டு நான் எழுதிய கடிதம் முதல் நாளே மேயர் மேஜைக்குப் போய்விட்டது. அதை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் நான் சொல்லவில்லை. அலுவலக விஷயம் என்று நினைத்திருந்தேன். அலுவலகமா ஆறு மாடி இறங்குகிறது?

போய் மிஸ் லொரெய்னிடம் சொன்னேன். அது ரகசியம் இல்லை, யார் கேட்டாலும் டவுன் ஹாலில் சொல்ல வேண்டிய விஷயம்தான் என்றும் சொன்னேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஒரே ஒரு கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"என்னயத் தூக்குறதுக்கு ஆகுற நேரத்துல நூறு கையெழுத்துப் போடலாமேய்யா."

அடுத்த டயாலிசிஸ் முடிந்ததும், வீட்டுக்குக் கொண்டுபோக வந்தவர்களிடம் "டவுன் ஹாலுக்கு விடுங்க" என்றார். அங்கே லிஃப்ட்டில் ஏறி, மேயர் அறை வாசலில் நாற்காலிக்குப் பிரேக் போட்டுக்கொண்டார். டயாலிசிஸ் முடிந்த உடம்பு துவண்டு கிடந்தது. வாய் துவளவில்லை.

"இங்க லிஃப்ட் நல்லா ஓடுது. நான் இங்ஙனயே இருந்துக்கிறேன். சாப்பாடு மட்டும் யாராவது வாங்கியாங்க."

குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். வரி கட்ட வந்தவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். மேயர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "லொரெய்ன், உனக்காக நான் எவ்வளவு..." என்று ஆரம்பித்தார்.

"தூக்குனது போதும் தம்பி. பேனாவத் தூக்கு."

கையெழுத்தாகிவிட்டது. கடிதத்தை அவர் தேடக்கூட இல்லை. மேல் டிராயரிலேயே இருந்தது.

அந்த டிராயர் திறந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. இத்தனை நாளும் அது அங்கே இருந்திருக்கிறது! ஒரு நோயாளி வாரத்துக்கு மூன்று தரம் மூட்டை மாதிரி இறங்கி ஏறிக்கொண்டிருந்தபோது, அவரை லிஃப்ட்டில் இறங்கவைக்கும் தாள் ஒரு கை நீளத் தூரத்தில் இருந்திருக்கிறது. இது மறதி இல்லை. ஓடுகிற லிஃப்ட்டுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? பொத்தானை அழுத்தினோம், வந்தது, போனோம். நின்றுபோன லிஃப்ட்டில்தான் ஒரு தலைவருக்கு வேலை இருக்கிறது. அதில்தான் சுமக்க ஒருவர், நன்றி சொல்ல ஒருவர், படம் எடுக்க ஒருவர் என்று ஒரு முழுக் கட்சியே நடக்கிறது. எல்லாம் ஒழுங்காக ஓடும் ஊரில் இந்த ஆட்களுக்குப் பிழைப்பே கிடையாது.

தேர்தலுக்கு முன்பே லிஃப்ட் சரியானது. சோதித்துப் பார்த்துவிட்டு டேக்கைக் கிழித்தேன். ஓட்டுப்பதிவு நாளில் மற்றொரு சோதனைக்காக அங்கே போனபோது, ஆறாவது மாடியில் மிஸ் லொரெய்ன் நான் இருந்த லிஃப்ட்டுக்குள் வந்தார். சிவப்புத் தொப்பி, உதட்டுச் சாயம்.

"யாருக்குன்னு கேக்கத் துடிக்கிறே. கேளு."

"கேக்க மாட்டேன் மேடம். அது உங்க உரிமை."

"மேயருக்குத்தான்."

என்னால் முடியவில்லை. "அந்தக் கடிதத்தை டிராயர்ல வச்சிருந்தவருக்கா?" என்று கத்தியே விட்டேன்.

"அவன் களவாணின்னு எனக்குத் தெரியாதா? எதுத்து நிக்கிறானே ஒரு நல்லவன், அவன் ஒரு தடவ இந்தப் படி ஏறியிருக்கானா? களவாணிய எங்க போய்ப் பிடிக்கணும், எப்புடி மெரட்டணும்னு எனக்குத் தெரியும். நல்லவன் வீட்டு வாசல்மணி எங்க இருக்குன்னே தெரியாதேய்யா." லிஃப்ட் தரையைத் தொட்டது. அவர் நகரவில்லை. "இன்னொண்ணு கேளு. இவனுக்கு முந்தி இருந்த வெள்ளக்காரனும் தின்னான். அவன் பேருல இன்னைக்கு பார்க் இருக்கு. எங்காளு தின்னா கைவெலங்கு. உங்காளு தின்னா சால்வ. மொதல்ல அத வந்து எங்கிட்ட வெளக்கிச் சொல்லு. அப்புறம் என் ஓட்டப் பத்திப் பேசுவோம்."

கதவு திறந்தது. அவர் போய்விட்டார்.

மேயர் ஜெயித்தார். ரகுவும் ஜெயித்தார். நம் தெருக்களில் அவருக்கு ஓட்டு அள்ளிக்கொண்டு வந்தது. அன்று இரவு சங்கத்து வாட்ஸாப் குழுவில் ஒருவர், ரகுவுக்குப் பூங்கொத்துப் படம் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே மேயர் ஜெயித்ததைப் பற்றி, 'இவங்க திருந்தவே மாட்டாங்க' என்று எழுதினார். இரண்டுக்கும் ஒரே ஆட்கள் கட்டைவிரல் தூக்கினார்கள்.

இதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். மிஸ் லொரெய்னுக்கு ஆறு மாடி இருந்தது. நின்றுபோன சிறுநீரகம் இருந்தது. கூப்பிட்டால் வரக்கூடியவன் ஒருவனே ஊரில் இருந்தான். அவர் கண்ணைத் திறந்துகொண்டு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அது கணக்கு. நமக்கு என்ன இருந்தது? இரண்டு கார் நிற்கும் கராஜ், பட்டங்கள், வக்கீல் வைக்கும் வசதி. நம்மை யாரும் படியில் சுமக்க வேண்டியதில்லை. நாம் ஓட்டை எதற்காக விற்றோம்? ஒரு கிரிக்கெட் மைதானம், மேடையில் ஒரு வணக்கம், பக்கத்தில் நின்று ஒரு படம். தேவைக்கு ஓட்டுப் போட்டவரைப் பார்த்து, பெருமைக்கு ஓட்டுப் போட்ட நாம் சிரித்தோம். நம்மில் ஒருவன் திருடினால் அது சாமர்த்தியம், அவர்களில் ஒருவன் திருடினால் அது அவர்கள் இனத்தின் குணம். இந்தத் தராசை நாம் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போதே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். இங்கே வந்து ஆளை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

பொங்கல் வந்தது. மேடையில் ரகு. மருத்துவர் வழக்கம்போலப் பார்க்கிங்கில். "நம்ம லிஃப்ட் அங்கிள் வாங்க!" என்று மைக். ஓடினேன், பழக்கதோஷம். கையில் புதுப் பொன்னாடை கொடுத்தார்கள். ரகு கைகூப்பித் தோளைத் தாழ்த்தினார்.

"தோள்பட்டை வலி ரகு" என்றேன். மேடையை விட்டு இறங்கி நடந்தேன். கார் வரைக்கும் போன பிறகுதான் பொன்னாடை என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கப் போக வெட்கம். நேராக ரயிலடிக்கு ஓட்டினேன்.

மிஸ் லொரெய்ன் அதை விரித்துப் பார்த்தார். டயாலிசிஸ் அறையில் குளிர் எலும்பைத் துளைக்கும் என்று சொல்லியிருந்தார். போர்த்திப் பார்த்து முகம் சுளித்தார்.

"அரிக்குது. இத யாருய்யா போடுவா?"

"எங்க ஊர்ல பெரிய மனுஷங்களுக்குப் போடுறது மேடம்."

"ஓஹோ." சரிகையைத் தடவினார். பிறகு நிமிர்ந்து, "அப்ப அவனுக்கு எதுக்குப் போட்டே?" என்றார்.

கீழே போய்ச் சேர்வதற்குள் ஒரு பதிலைத் தேடிவிட்டு மறுபடி ஏறிவந்து சொல்லலாம் என்று லிஃப்ட்டில் ஏறினேன். ஆனால் புது பிரேக். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. யோசிக்கத் தொடங்கும் முன்பே தரை வந்துவிட்டது.